அமெரிக்க வரி அதிகாரியின் பின்பாதி

நான் பொய்யன். அமெரிக்க வரி அதிகாரி ஒருவரின் பாதி வாழ்க்கையை நானே இட்டுக்கட்டினேன்!

சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே சில வேளை சிரிப்பு வருகிறது.

ரங்கூனில் வீட்டு வரி அலுவலகத்தில் நான் இளைய குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒருவர், ஏதேனும் ஒரு பெரியவரின் சரித்திரத்தை ஒரு மணி நேரம் பேச வேண்டும். என் முறைக்கு, நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம் கைகொடுத்தது. சென்ற நூற்றாண்டில் சாராயத்துக்கும் புகையிலைக்கும் வரி வசூலித்த அமெரிக்கர் ஒருவரின் உத்தியோக வரலாறு. பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது.

மேடையில் இருபதே நிமிடத்தில் மனிதர் மாவட்ட அதிகாரியாகிவிட்டார்; அத்தோடு பக்கங்களும் தீர்ந்தன. மீதி நாற்பது நிமிடத்துக்கு நான் எங்கே போவேன்? முன்வரிசையில் எங்கள் தலைமைக் குமாஸ்தா ராமலிங்கம் வேறு வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார். அவிழ்த்துவிட்டேன்! சீமான் ஒருவரின் வரியைக் குறைத்து ஏழைகள் தலையில் கட்டும்படி மேலதிகாரி சொன்னாராம். நம் ஆள் சாவிக் கொத்தை மேசைமேல் வைத்து, "இந்தக் கை இதில் கையெழுத்திடாது" என்று எழுந்து போனாராம். ரொட்டிக் கடை வைத்து மகிழ்ச்சியாக வாழ்ந்தாராம். என்ன கைதட்டல்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, போட்டாதாங் பகுதியில் கிடங்குகள் வைத்திருந்த பணக்காரர் ஒருவரின் வரியைக் குறைத்து, பசுந்தாங் பகுதியின் கூலிக்காரர் குடியிருப்புகளுக்கு ஏற்றும் தாள் ராமலிங்கத்திடம் வந்தது. அவர் சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தார். அதே வசனத்தைச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை! மூன்று பெண்களைப் பெற்ற மனிதர்... எழுந்து போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொன்னேனா? இல்லை. அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. அந்தத் தாளும் வந்தது. கையெழுத்திட்டேன்! வெள்ளைக்காரத் துரையே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று ராமலிங்கத்திடம் இன்னொரு பொய்யும் சொன்னேன். ஒன்று சொன்னவனுக்கு இரண்டாவது சொல்ல எவ்வளவு நேரமாகும்?

இப்போது அவர் பசுந்தாங்கில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நான் ஏற்றிய வரியால் அவர் கடை வாடகையும் ஏறிவிட்டது. ஆனாலும் மனிதர் முன்னைவிடக் கொழுகொழுவென்று, வருவோர் போவோரிடமெல்லாம் கேலி பேசிக்கொண்டு ஆனந்தமாகத்தான் இருக்கிறார். அதனால் என் குற்றம் குறைந்துவிடுமா? அந்தக் கூலிக்காரர்களும் ஆனந்தமாகவா இருக்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்!

நேற்று மாலை போயிருந்தேன். பால் ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, அந்த அமெரிக்காக்காரர் போனப்புறம் அவர் நாற்காலிக்கு ஒருத்தன் வந்திருப்பானே... அவன் எப்படி? உன்ன மாதிரி நல்லவனா?"

"புத்தகத்துல அவனப் பத்தி ஒண்ணும் இல்லண்ணே."

"நல்லவனாத்தான் இருந்திருப்பான்" என்று சிரித்தபடி, ஏடு மிதக்க இன்னொரு கோப்பையை என்முன் வைத்தார்.

குடித்தேன்... நன்றாகவே இருந்தது!