கை தட்டிய காயல்பட்டினத்துக்காரர்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் மாலைதோறும் வாலிபால் ஆடினோம். பந்தை எடுக்கப் போகிறவர் "எனக்கு" என்று கத்த வேண்டும். எனக்குத் திக்குவாய். சொல் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்மேல் மோதிவிடுவேன். ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

எங்கள் அணியில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். நெட்டையான ஆள், கணீரென்ற குரல். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். ஒருநாள் நான் மோதியதில் அவர் உதடு கிழிந்தது. மன்னிப்புக் கேட்கவும் வார்த்தை வராமல் திணறினேன். அவர் ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"சொல்ல வரலைன்னா கையத் தட்டும்வே. எங்களுக்குக் காது கேக்கும்லா?"

அடுத்த பந்துக்குத் தட்டினேன். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் அவரும் கத்தாமல் கையைத் தட்டினார். பிறகு மொத்த அணியும் தட்டியது. எதிரே ஆட வந்தவர்கள் அதை ஏதோ புது உத்தி என்றே நினைத்தார்கள்.