தூள் விசிறியின் இரைச்சல்

அலவத்துகொடையில் என் வீட்டுக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு மர ஆலை இருக்கிறது. அங்கே மின் மேற்பார்வையாளனாக இருந்தேன். ஐந்து பெரிய இயந்திரங்கள். ஐந்திலிருந்தும் மரத்தூளை இழுத்து வெளியே தள்ள ஒரே விசிறி. அதன் மோட்டாரைத் தெரிவு செய்தவன் நான்.

முதலாளி ஹாஜியாரின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்த பிறகு கரண்ட் பில் ஏறியது. பழியை என் மோட்டார்மீது போட்டான். ஒவ்வொரு தூள்குழாயிலும் தகட்டுக் கதவு உண்டு. ஓடாத இயந்திரத்தின் கதவை மூடு, எல்லாம் நின்றால் விசிறியை நிறுத்து என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"கெழட்டு மோட்டருக்கும் ஒங்களுக்கும் சேத்தே ரெஸ்ட் குடுத்திருவோம், சேர்" என்றான். பன்னிரண்டு வேலையாட்கள் சிரித்தார்கள். எண்ணிக்கொண்டுதான், வேலையை விட்டு வீட்டுக்குப் படியேறினேன்.

அதன்பின் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு ஆலையையே கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஜும்ஆ தொழுகை முடிந்து நெடுநேரம் மரம் அறுக்கும் வாள் சத்தம் இல்லை. விசிறி மட்டும் இரைந்தது. காரணம் விளங்கியது. ஹாஜியாரின் வீடும் ஆலைக்கு மேலேதான்; முழங்கால் வருத்தத்தால் அவர் ஆலைக்கு இறங்குவதில்லை. விசிறி கேட்டால் வேலை நடக்கிறது என்பதுதான் அந்த வீட்டுக் கணக்கு. மருமகன் அவருடைய காதுக்காக அதை ஓடவிட்டிருந்தான்.

என் மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வெள்ளிக்கிழமை, வயர் இழுக்கும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஹாஜியாரின் வீட்டுக்குப் போனேன்.

"கேக்குதா சேர்? புள்ளயள் வேலய தொடங்கிட்டானுவள்" என்றார்.

"ஓம், கேக்குது. ஒருக்கா இறங்கிப் பாப்பம், வாங்கோ."

என் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினார். ஆலையில் ஐந்து இயந்திரமும் நின்றன. ஐந்து கதவும் திறந்து கிடக்க, விசிறி வெறுங்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. மருமகன் தூள் மூட்டைமேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

மீட்டரை வயரில் மாட்டினேன். "ஒவ்வொன்றாக மூடும், தம்பி." அவன் மூட மூட எண் இறங்கியது. ஹாஜியார் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டுத் திரும்பிய வேலையாட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அதே பன்னிரண்டு பேர்.

"மோட்டர்ல பழுதில்ல மகன்" என்றார் ஹாஜியார். "ஆஃப் பண்ணுங்க."

அவன் நிறுத்தினான். இரைச்சல் அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது போதவில்லை.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னார் ஹாஜியார். மறுத்துவிட்டேன். வீண் இரைச்சல் கேட்டால் உங்களுக்குப் போனில் கோல் எடுப்பேன், அது போதும் என்றேன். மோட்டார் அதே இடத்தில் ஓடுகிறது. மருமகன் கதவுகளைத் தன் கையாலேயே மூடுகிறானாம். வெள்ளிக்கிழமைகளில் போனை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருக்கிறேன். ஒருநாள் மறப்பான்.