நின்றதுதான் என் சைக்கிள் செய்த தப்பு

செங்கம் சாலையில் ரேஸ் சைக்கிள் விற்கும் கடைக்காரர் பொய் சொல்கிறார். என் வீட்டுக்காரரின் தோளில் காறை எலும்பு உடைந்ததற்கு என் பழைய சைக்கிள் காரணம் இல்லை. எது காரணம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் சைக்கிள் என்னிடம் வரும்போதே கிழடு. ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்னிடம் துணி தைக்கக் கொடுப்பார். ஊருக்குக் கிளம்பும்போது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று என்னிடம் விற்றுவிட்டுப் போனார். ஸ்டீல் குழாய் ஃபிரேம். ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில். கியர் மாற்றும் குச்சிகள் ஹேண்டிலில் இருக்காது, முழங்காலுக்குப் பக்கத்தில் சாய்வுக் குழாயில் இருக்கும். ஒரு கையை எடுத்துத் தடவித்தான் மாற்ற வேண்டும். செயின் கடகடவென்று கத்தினால் கியர் சரியாக விழவில்லை என்று அர்த்தம். கத்தல் நின்றால் விழுந்துவிட்டது. பிரேக் என்பது ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் இரண்டு ரப்பர் கட்டைகள், அவற்றை இழுக்க ஒரு கம்பி. எல்லாமே கண்ணெதிரே இருக்கிறது. தேய்ந்தால் தெரியும், துருப்பிடித்தால் தெரியும்.

முதலில் நான் சுடிதார் போட்டுக்கொண்டு அதில் கிரிவலப் பாதையைச் சுற்றியபோது சிரிக்காத ஆள் இல்லை. அதிகம் சிரித்தவர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். பிறகு அவருக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார், நடப்பது இவருக்கு அலுப்பு. எனக்கும் ஒரு சைக்கிள் வேண்டும் என்றார். ஆனால் பழையது வேண்டாமாம். செங்கம் சாலைக் கடையில் போய் கார்பன் ஃபிரேம் போட்ட புது ரோடு சைக்கிள் வாங்கி வந்தார்.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் முதல் வார்த்தை, தூக்கிப் பாருங்க, எவ்வளவு லேசு என்பதுதான். காபி பிறகுதான் வரும். என் அண்ணியைக்கூடத் தூக்க வைத்தார்.

அந்த சைக்கிளை நான் குறை சொல்ல வரவில்லை. ஓட்டிப் பார்த்தேன். என்னுடையதை எழுந்து நின்று மிதிக்கிற மேட்டில் அதை உட்கார்ந்தபடியே மிதித்தேன். டயர் அகலம், ரோட்டில் பள்ளம் இருந்தாலும் இடுப்பு வலிக்கவில்லை. பிரேக் பிடிக்கிற கையிலேயே கியரும் மாறுகிறது. பிரேக் ரிம்மில் இல்லை. சக்கரத்தின் நடுவில், அச்சுக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய இரும்புத் தட்டு இருக்கிறது. டிஸ்க் என்கிறார்கள். அதை இரண்டு சின்ன பேடுகள் கவ்வுகின்றன. ஒற்றை விரலால் இழுத்தேன், இழுத்த இடத்திலேயே நின்றது. மழையில் என் ரப்பர் கட்டைகள் கொஞ்சம் வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும். இது வழுக்கவில்லை. நல்ல சாமான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர் அப்படி ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு சைக்கிள் குழு நடத்துகிறார். விடுமுறை நாட்களில் எல்லோரும் அவர் கடை வாசலில் கூடிக் கிளம்புவோம். என்னைத் தவிர எல்லோருக்கும் அவர் விற்ற டிஸ்க் பிரேக் சைக்கிள்தான். எல்லோர் முன்னாலும் என் வண்டியைக் காட்டிச் சொன்னார்:

"இன்னாக்கா, இன்னுமா இத ஓட்றீங்க? இப்ப பிரேக் புடிச்சா அடுத்த பௌர்ணமிக்குத்தான் நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பழைய வண்டி ஆபத்து, கடைசியில்தான் வர வேண்டும் என்று எனக்கு மட்டும் ஒரு சட்டம். நானும் கடைசியிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

இந்த ஆயுத பூஜைக்குக் குழுவின் சைக்கிள்கள் எல்லாம் கடையிலேயே பூஜைக்கு வைக்கப்பட்டன. நான் போகவில்லை. என் தையல் மெஷின்களுக்குப் பூஜை போட வேண்டியிருந்தது, என் சைக்கிளையும் அவற்றோடு சேர்த்து நிறுத்தி ஹேண்டிலில் ஒரு பொட்டு வைத்தேன். இவர் மட்டும் தன் சைக்கிளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பொரி கடலையோடு திரும்பி வந்தார். கடைக்காரர் எல்லா வண்டியையும் தானே துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார் என்று ஒரே புகழ்ச்சி.

மறுநாள் விஜயதசமி. காலையில் கடை வாசலில் மறுபடியும் சூடம் காட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். கிளம்பியதுமே ஏதோ சரியில்லை. யார் பிரேக்கைத் தொட்டாலும் கிறீச்சென்று ஊளைச் சத்தம். இவர் திரும்பிக் கேட்டார். பனி ஈரம் சார், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். கிரிவலப் பாதையில் நாங்கள் போன பக்கம் மேடு பள்ளமில்லாத ரோடு. பெரிதாக பிரேக் பிடிக்க வேண்டிய வேலையும் வரவில்லை.

நடுவில் டீ குடிக்க நிறுத்தினோம். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மட்டும் நான் முதலில் கிளம்பிவிட்டேன். இவர் என்னைத் துரத்திக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிக் காட்ட வேண்டும், வேறொன்றுமில்லை.

அடி அண்ணாமலையில் ஒரு சந்திலிருந்து பசுமாடு ஒன்று ரோட்டுக்கு வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ரப்பர் முனகியது, சைக்கிள் நின்றது, காலை ஊன்றினேன். மாட்டுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு மாடு நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

அப்போது பின்னால் ஒரு அலறல். மனிதர் கத்துகிறார் என்று நினைத்தேன். மனிதர் இல்லை, பிரேக். இவர் என் தோளை ஒட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். முகத்தைப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிரேக்கைக் கசக்கிப் பிழிகிறார், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. மாட்டுக்குத் தப்பி ஹேண்டிலை ஒடித்தார். ஓரத்தில் நின்ற கரும்பு ஜூஸ் வண்டியின் இரும்புச் சக்கரத்தில் போய் மோதினார்.

எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது. துணி கிழிக்கும்போதுகூடக் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும் இவர் முதலில் கேட்டது, வண்டிக்கு ஒன்றும் ஆகலையே என்றுதான். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அன்று மாலைக்குள் கடைக்காரர் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். பழைய சைக்கிள் நடுரோட்டில் திடீரென்று நின்றுவிட்டது, பின்னால் வந்த சார் அதனால் விழுந்தார், இனிமேல் ஸ்டீல் சைக்கிளுக்கு நம் குழுவில் இடமில்லை. எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் பதில் எழுதுவதற்குள் என்னை நீக்கிவிட்டார்.

என் சைக்கிள் நின்றதாம். சைக்கிள் பிரேக் பிடித்தால் வேறு என்ன செய்ய வேண்டும்?

இவருடைய சைக்கிளை யாரோ ஆட்டோவில் ஏற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சுவரில் சாய்த்து வைக்கலாம் என்று தூக்கினேன். முன் சக்கரத்து டிஸ்க் தட்டில் சந்தனமும் குங்குமமும் கருப்பாக இழுபட்டிருந்தன. விரலால் துடைத்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

பின் சக்கரத்தைப் பார்த்தேன். அதிலும் தேங்காய் எண்ணெய். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தையல் மெஷினில் அச்சுக்கு எண்ணெய் விடுவோம், பெல்ட்டில் விட மாட்டோம். விட்டால் வழுக்கும், மெஷின் ஓடாது. சைக்கிளிலும் அப்படித்தான் நம் ஊர் முழுக்கப் பழக்கம். பூஜைக்குத் துடைக்கும்போது நடு அச்சுக்கும் செயினுக்கும் எண்ணெய், ரிம்மை வெறுந்துணியால் துடைப்பது. ஏனென்றால் பிரேக் பிடிக்கிற இடம் ரிம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கைக்கே தெரியும். புது சைக்கிளில் பிரேக்கைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டார்கள். எண்ணெய்த் துணி பிடித்த கை பழைய இடத்துக்கே போயிருக்கிறது. தட்டு பளபளக்கட்டும் என்று தேய்த்திருக்கிறது, அதன் மேல் பக்தியாகப் பொட்டும் வைத்திருக்கிறது. பேடு அந்த எண்ணெயைக் குடித்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் அது கத்தும், பிடிக்காது.

மறுநாள் கடைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கும், சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

வெளியூர்க்காரர்களுக்கு அவர் வாடகைக்கு விடும் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கடை முழுக்க ஸ்பிரிட் வாசனை. டிஸ்க் தட்டுகளில் ஒரு பொட்டு இல்லை, ஒரு பிசுக்கு இல்லை. கீழே ஒரு தட்டில் கழற்றிப் போட்ட பேடுகள் குவிந்து கிடந்தன. அத்தனையும் எண்ணெய் ஊறிய கருப்பு. வாடகை வண்டி எல்லாவற்றுக்கும் புதுப் பேடு போட்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டிஸ்கில் எண்ணெய் போட்டீர்களா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பூஜைக்குத் தொடைக்காம எப்படிக்கா? பழக்கத்துல கை போயிடுச்சு."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் வீட்டுக்கு வந்திருப்பேன். கை தவறுவது மனிதருக்கு நடப்பதுதான். மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எல்லாரும் வண்டியத் தூக்கினு வந்து வரிசையா நிப்பாங்க. கடை பேரு இன்னாவறது? ஓட ஓட எண்ணெ தானா கம்மியாயிடும்க்கா."

"வர்ற ஞாயித்துக்கெழம ஜமுனாமரத்தூர் மலைக்கு எல்லாரையும் இட்டுனு போறீங்களே?"

"கொஞ்சம் பாத்து எறங்கினா போதும்."

பார்த்து இறங்கினால் போதுமாம். அந்த மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை நான் பஸ்ஸில் இறங்கியிருக்கிறேன். பஸ்ஸிலேயே சீட்டுக் கம்பியை விட மாட்டேன். அதில் எண்ணெய் குடித்த பிரேக்கோடு ஆட்கள் இறங்கப் போகிறார்கள். ஒருவருக்கும் தெரியாது. ஊளைச் சத்தம் பனியால் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து குழுவில் இரண்டு பேருக்கு போன் செய்தேன். ஒருவர் நான் பேசி முடிக்கும் முன்பே, குழுவிலிருந்து எடுத்துவிட்ட கோபம் புரிகிறது மேடம் என்றார். இன்னொருவர் பரிதாபமாகச் சொன்னார், அக்கா, பழைய வண்டி வெச்சிருக்கறவங்க புது வண்டியப் பத்திப் பேசினா யாரு நம்புவாங்க. இந்த ஊரில் ஒரு பேச்சு உண்மையா என்று பார்க்க, பேசுகிறவளின் சைக்கிள் என்ன விலை என்று பார்க்கிறார்கள்.

வீட்டில் இவரும் கட்டுப் போட்ட தோளோடு சொல்கிறார், விட்டுடு, நாளைக்கு என் வண்டியை அவர்தானே சரி பண்ணித் தரணும் என்று. அவர் வண்டியின் டிஸ்கில் மறுபடியும் விரலைத் தேய்த்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து சைக்கிளைப் பற்றிப் பேச்சே இல்லை.

என்னைக் குழுவில் திரும்பச் சேர்க்க வேண்டாம். என் சைக்கிளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சிரிக்கட்டும். அது நிற்கிறது, எனக்கு அது போதும்.

ஆனால் கடைக்காரரே, எந்தக் குழுவில் என் மேல் பழி போட்டீர்களோ அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் எழுதுங்கள். அவர்கள் டிஸ்கில் என்ன தடவினீர்கள்? உங்கள் வாடகை வண்டிகளுக்கு மட்டும் ஏன் பேடு மாற்றினீர்கள்? மலையில் இறங்கப் போகிறவர்களிடம் அதை ஏன் சொல்லவில்லை? என்னிடம் தனியாக வந்து அக்கா அக்கா என்று பேச வேண்டாம். அங்கே எழுதுங்கள்.