உப்பின் மேல் போட்ட பழி

மரக்காணத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. எந்த வண்டி வந்தாலும் உப்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஹாரன் அடிக்கவில்லையா, உப்புக் காற்று. லைட் எரியவில்லையா, உப்புக் காற்று. பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மையும்கூட. பத்தாவது தடவையாக வந்தது ஏழுமலையின் புது பிக்கப்.

ஏழுமலை உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவன். அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. கருவாடு போடும் குப்பங்களுக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போவதும் வண்டி ஓட்டுவதும் அவன் மனைவி அஞ்சலைதான். முன்பு வைத்திருந்த பழைய வண்டி சார்ஜ் ஏறாமல் ஈசிஆர் சாலையில் நின்று, கொட்டுகிற மழையில் அவள் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பிடித்த பயம் அவனை விடவில்லை. புது வண்டி எடுத்ததும் முதல் வேலையாக, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"அண்ணே, மீட்டரு ஒரு எடத்துல நிக்க மாட்டுது. பதினாலே முக்கால் காட்டுது, கொஞ்ச தூரம் போனா பன்னண்டே முக்காலுக்கு வந்துடுது," என்றான். அஞ்சலை டிரைவர் சீட்டில் இருந்தாள்.

"உப்பு மூட்ட ஏத்துற வண்டியாச்சே. எர்த் ஒயரு அரிச்சிருக்கும்," என்றேன், பானட்டைத் திறக்கும் முன்பே.

எர்த் ஒயர் பளபளவென்று இருந்தது. அப்படியும் அதை மாற்றினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. லோடு கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், சரியான அளவான பதினாலு புள்ளி இரண்டில் மீட்டர் அசையாமல் நின்றது. அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் திரும்பி வந்தார்கள். டைனமோவைக் கழற்றி கார்பன், ரெகுலேட்டர் எல்லாம் மாற்றினேன். மறுபடி ஹெட்லைட், மறுபடி பதினாலு புள்ளி இரண்டு. அடுத்த வாரமும் வந்தார்கள்.

"வித்துடலாம்னு இருக்கேண்ணே," என்றான் ஏழுமலை. "வானூர்ல ஒருத்தரு கேக்குறாரு. இவ நடுரோட்டுல நிக்கிறத இன்னொரு தபா என்னால தாங்க முடியாது."

அஞ்சலை கீழே இறங்கினாள். "வித்துட்டா? மறுபடியும் வாடக வண்டிக்காரங்கள கெஞ்சிக்கினு நிக்கணும். அண்ணே, நீங்க ஒரு தபா எங்கூட வந்து பாருங்க. அப்புறம் அவரு விக்கட்டும்."

ஏழுமலையைக் கடையில் விட்டுவிட்டு நானும் அஞ்சலையும் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் போனோம். நல்ல வெயில்.

"இப்ப ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுக்கிறேன், பாருங்க." மீட்டர் ஏறியது. "இப்ப மிதிக்கிறேன்." இறங்கியது. "காலையில வண்டிய எடுத்ததும் கொஞ்ச நேரம் ஏறியே இருக்கும். லைட்ட போட்டா ஒரே எடத்துல நின்னுடும்." போட்டாள். பதினாலு புள்ளி இரண்டு.

நான் இரண்டு தடவையும் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்துத்தான் சரியாகிவிட்டது என்று அனுப்பியிருந்தேன்.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"என்னைய எங்கண்ணே கேட்டீங்க? அவரத்தானே கேட்டீங்க."

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை செய்யும் நண்பனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். அவன் சிரித்தான். "பேட்டரி மைனஸ்ல ஒரு சென்சார் இருக்குது பாரு. பேட்டரிக்கு வேணும்னா கம்ப்யூட்டர் வோல்டேஜ ஏத்தும், ரொம்பியிருந்தா எறக்கும். டீசல் மிச்சம் ஆவும். கால எடுத்தா ஏத்திக்கும், லைட்ட போட்டா ஒரே அளவுல வுட்டுடும். புது வண்டியில அது ரிப்பேரே இல்லப்பா."

"பாத்திக்கு தண்ணி கட்டுறது மாதிரி," என்றாள் அஞ்சலை. "வேணும்னா தெறந்து வுடுது, ரொம்பிட்டா அடைச்சிடுது. இதுக்கா இத்தினி நாளு?"

திரும்பி வந்தபோது ஏழுமலை கடை வாசலிலேயே நின்றிருந்தான். "இத்தன நாள்ல ஒரு தபாவாவது ஸ்டார்ட் ஆவாம இருந்துச்சா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "வண்டிக்கு ஒண்ணுமில்ல ஏழுமல. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

அவன் நம்பாமல் மீட்டரையே பார்த்தான். அஞ்சலை அதைப் பிடுங்கி அவன் சட்டைப் பையில் போட்டாள். அந்தச் சாக்கெட்டில் தன் போன் சார்ஜரைச் செருகினாள். "வண்டி நின்னா ஒனக்குத்தான்யா மொத போனு. போதுமா?" என்றாள். அவன் தலையாட்டியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என் புத்தியை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் முன், வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் கேளுங்கள்.

இப்போதும் நான் எந்த வண்டியின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தாலும் அஞ்சலை கடையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, "என்னாண்ணே, உப்பா?" என்று கேட்கிறாள்.

"ஓட்டுறவர இன்னும் கேக்கலம்மா," என்பேன்.