மதினிக்குச் சொன்ன படம்

என் அண்ணன் மனைவி ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் எங்கள் அறையில் வேலை செய்கிற நான்கு பேருமே அந்தப் படத்தைப் பார்த்த மாதிரிதான். நாரணாபுரம் போகிற வழியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் மதினியும் ஒரே அறையில் திரி செருகும் வேலை பார்த்தோம். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரேடியோவும் கிடையாது. கைகள் பாட்டுக்குத் திரி செருகிக்கொண்டிருக்கும், காதுக்கு மதினிதான்.

திரையில் பெயர் எழுத்துப் போடுவதிலிருந்து தொடங்குவாள். "மொதல்ல ஒரு மலையக் காட்டுதான். அதுல ஒரு ஒத்தையடிப் பாத. எவனோ ஒருத்தன் தலையில மூட்டையோட வாரான். மூஞ்சி தெரியல." அவ்வளவுதான், நாங்கள் மூன்று பேரும் அந்த மலைக்குப் போய்விடுவோம். கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல். எல்லாம் தலையை நிமிர்த்தாமலே. சோகக் கட்டம் வந்தால் மட்டும் அவள் கை மெதுவாகிவிடும். அந்தப் பக்கமாக வரும் போர்மேன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அங்கன இன்டர்வெல்லா?" என்பார். மதினி சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டுவாள்.

அவள் ஆலங்குளம் பக்கம் பிறந்தவள். அப்பா சுண்ணாம்புக்கல் வெட்டும் வேலைக்குப் போனவர். கல்யாணமான முதல் வாரத்தில் அண்ணன் அவளிடம், "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறான். சேலை என்பாள், வளையல் என்பாள் என்று எதிர்பார்த்தவனிடம் "ஒரு படம்" என்றாளாம். கூட்டிப்போனான். அவன் பட்டாசு லோடு ஏற்றுகிற ஆள், நாற்காலியில் சாய்ந்தால் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவான். அதற்குப் பிறகு படத்துக்கு அவளுக்குத் துணை நான்தான்.

மதினியோடு படத்துக்குப் போவது லேசான காரியம் இல்லை. தொடக்கத்தில் ஒரு நிமிடம் போனாலும் அவளுக்குப் படமே போன மாதிரி. பஸ் வரத் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுவாள், நான் பின்னால் ஓட வேண்டும். இடைவேளையில் எழுந்திருக்க மாட்டாள். "நாம வெளிய போன நேரம் பாத்து போட்டுட்டாம்னா?" என்பாள். சேவுப் பொட்டலத்தைச் சேலைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, சண்டைக் காட்சி வரும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்தில் பிரிப்பாள். சோகத்துக்கு அழுவாள். சேர்ந்துவிட்டார்கள் என்றாலும் அழுவாள்.

ஒரு தடவை வருஷத்துக்கு வேண்டிய மிளகாய் வத்தல் வாங்க இருவரும் விருதுநகர் போயிருந்தோம். வாங்கி முடித்தபோது மதியக் காட்சிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மதினி என்னைப் பார்த்தாள். நான் மூட்டையைப் பார்த்தேன். அந்த மூட்டையோடுதான் உள்ளே போய் உட்கார்ந்தோம். மின்விசிறி போட்டதும் முன்வரிசையில் ஒருவர் தும்மினார். பிறகு அவருடைய மனைவி. பிறகு வரிசை வரிசையாக. அம்மா மடியில் கதாநாயகன் செத்துக்கொண்டிருக்கிறான், கொட்டகை முழுக்கத் தும்முகிறது. மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எங்கள் நாற்காலி வரிசையே குலுங்கியது.

அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகளை அவள்தான் பாதி வளர்த்தாள்.

அந்த வருஷம் காலாண்டு லீவு சமயத்தில் மதினி ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு படம் வந்தது. தீபாவளி சீசன் என்பதால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. லீவு போட்டால்தான் படம். இருவருமாகப் போய்க் கேட்டோம். போர்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. ரெண்டு பேரும் போயிட்டா நான் எங்கன போவேன்? ஒராளு போங்க."

அறைக்குத் திரும்பி நடக்கும்போதே மதினி முடிவு செய்துவிட்டாள்.

"நீ போ புள்ள. சின்னக்குட்டிக்கு பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, அவளையும் கூட்டிட்டுப் போ. நான் தீபாவளிக்கப்புறம் பாத்துக்கிடுதேன்."

"நீங்கதான மதினி ஆசப்பட்டீக."

"நாளைக்கு வந்து எனக்குக் கதை சொல்லு. எம்புட்டு நாளைக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்குறது?"

"ஒங்கள மாதிரி எனக்கு சொல்ல வராது."

"வரும். எழுத்துப் போடுறதுல இருந்து ஆரம்பி. ஒண்ணையும் விட்டுறாத."

அதற்கு மேல் நான் மறுத்துப் பேசவில்லை. இன்னொரு தடவை "நீங்க போங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் படம் பார்க்க ஆசையாக இருந்தது, மகளோடு போகிறேன் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறக்கத்தான் இன்றுவரை முடியவில்லை.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக் காட்சி. மதினிக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டே பார்த்தேன். முதலில் கடலைக் காட்டினார்கள். ஒரு துறைமுக ஊர். கதாநாயகன் படகு ஓட்டுகிறவன். அவனுடைய தம்பி ஒரு நாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. செத்துவிட்டான் என்று ஊரே சொல்கிறது. அண்ணன் நம்பாமல் தேடிப் புறப்படுகிறான்.

ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். தரை லேசாக அதிர்ந்தது. திரையில் அப்போது ஒரு பாட்டு, வெடிச் சத்தம் எதுவும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். எங்கள் ஊரில் அந்த அதிர்வை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. கல் குவாரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நிமிடங்கள் கழித்து இருட்டில் ஒரு போன் வெளிச்சம். பிறகு இரண்டு. பிறகு வரிசைக்கு வரிசை. மணி அடிக்கிற சத்தமும், அடிக்கிறதை அமுக்குகிற சத்தமும். யாரோ ஓர் ஆண், பாட்டுக்கு மேலே கத்தினான்: "எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனி சொல்லுலே!" அதோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கதவுகளை யாரோ திறந்துவிட, மூன்றரை மணி வெயில் உள்ளே விழுந்து திரையில் இருந்த படம் வெளிறிப்போனது. நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை போல. உருவம் தெரியாமல் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் வீட்டுக்காரர். கம்பெனி பெயரை மட்டும் சொன்னார்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதாகத்தான் எனக்கு நினைவு. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் வேறு மாதிரி சொல்கிறாள். "இல்லம்மா, நீ விட்டுட்டு ஓடிட்ட. நான் யாரோ ஒரு அக்கா சேலையப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். நீ அதுக்குள்ள ஆட்டோவுல ஏறிட்ட. அந்த அக்காதான் கத்தி நிப்பாட்டுனாக." கோபமில்லாமல்தான் சொல்கிறாள்.

பக்கத்து அறையில் வெடிமருந்து உராய்ந்ததாம். அங்கே இருந்த இரண்டு ஆண்கள் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். எங்கள் அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் வெளியே ஓடித் தப்பினார்கள். மதினியும் ஓடியிருக்கிறாள். வாசலில் சேலை தடுக்கி விழுந்துவிட்டாள்.

மதுரையில் தீக்காய வார்டில் அவளைப் போட்டிருந்தார்கள். வாழை இலை விரித்து, மேலே கூடு போல வலை கட்டியிருந்தார்கள். கழுத்துக்குக் கீழே பார்க்க முடியவில்லை. முகம் மட்டும் ஓரளவு தப்பியிருந்தது. பச்சைத் துணி மாட்டிக்கொண்டு பகலில் நானும் அண்ணனும் பக்கத்தில் இருக்க விட்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அவள் கண் திறந்து என்னைத் தேடினாள். வலிக்கிறது என்று சொல்வாள் என்று குனிந்தேன்.

"படம் எப்பிடி?" என்றாள்.

அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லு புள்ள. சொல்லச் சொன்னேன்ல?"

சொன்னேன். "மொதல்ல கடலக் காட்டுதாங்க மதினி. விடிஞ்சும் விடியாம இருக்கு. ஒரே ஒரு படகு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்ததை எல்லாம் ஒன்றையும் விடாமல் சொன்னேன். பாட்டில் கதாநாயகி கட்டியிருந்த சேலை நிறம்கூடச் சொன்னேன். தம்பியைத் தேடிப் படகு புறப்படுகிற இடத்தில் நர்ஸ் கட்டு மாற்ற வந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கட்டு மாற்றும்போது அவள் அலறியது வராந்தா முழுக்கக் கேட்டது.

மறுநாள் நான் போய் நின்றதும் கேட்டாள்: "தம்பி கெடச்சானா?"

எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அவ்வளவுதான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன் மதினி என்று சொல்லியிருக்கலாம். எதற்காக எழுந்து வந்தேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"கெடச்சான் மதினி," என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு தீவில் இருந்தான் என்றேன். நினைவு தப்பிப்போயிருந்தது என்றேன். அங்கே ஒரு கிழவர் அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியிருந்தார் என்றேன். அண்ணனைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை, சின்ன வயதில் இருவரும் பாடிய பாட்டை அண்ணன் பாடியதும் தெரிந்துகொண்டான் என்றேன்.

"அந்தக் கெழவன் யாரு?" என்றாள்.

"படகுக்காரனோட அப்பாவுக்குப் பழைய சினேகிதக்காரரு."

"வில்லன் என்ன ஆனான்?"

"அவன் திருந்திட்டான் மதினி."

உதடு வெடித்திருந்தது, இருந்தும் சிரித்தாள். "திருந்திட்டானா? அது சரி." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு பாட்டு இருக்கணுமே?" என்றாள். நான் ஒரு பாட்டும் வைத்தேன். அடுத்த நாள் கதையை முடித்தேன். எல்லோரும் ஒரே படகில் ஊருக்குத் திரும்புகிறார்கள், கரையில் அம்மா நிற்கிறாள், யாரும் சாகவில்லை. "நீ அழுதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லாருக்கு" என்றாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள்.

நான் பட்டாசு வேலையை விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு அச்சகத்தில் நோட்டு தைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் தனியாக இருந்தான். சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை. கட்டடத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தப் படத்தின் முடிவை யாரிடமும் கேட்கவும் இல்லை.

அவளுக்கு முதல் வருஷத் திதி கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். மகள் ஏதோ சேனலைத் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். கடல், ஒரு படகு. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன், அண்ணன் கையை உயர்த்தி வேண்டாம் என்றான். தூங்காமல் அவன் முழுதாகப் பார்த்த படம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தம்பி கிடைக்கவில்லை. அவனுடைய சட்டைதான் கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன்காரன் தனியாகப் படகை ஓட்டிக்கொண்டு வருகிறான். அதோடு முடிந்தது.

மகள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ அவளுக்குச் சொன்னது இது இல்லல்ல தாயி?" என்றான்.

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அவளுக்கும் தெரியும்."

"என்னண்ணே சொல்லுதீக?"

"நீ கீழ டீ வாங்கப் போயிருந்தப்ப எங்கிட்ட சொன்னா. மூணரைக்கு வெடிச்சிருக்கு, ரெண்டரைக்குத்தான் படம் போட்டிருப்பான், இவ எப்பிடி முழுசாப் பாத்திருப்பா, எந்திரிச்சு ஓடியாந்திருப்பா பாவம், இவளாச் சேத்துச் சொல்லுதா அப்பிடின்னா." தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மீதியைச் சொன்னான். "நீங்க போயி அவகிட்ட கேட்டுறாதீக, அவ பாட்டுக்குச் சொல்லட்டும், நல்லாத்தான் சொல்லுதா அப்பிடின்னா."

வார்டில் நான் அழவில்லை. எடுத்துப்போன அன்றும் சத்தமாக அழவில்லை. அன்றைக்கு என் மகள் தண்ணீர்ச் செம்போடு பயந்துபோய் வாசலில் நிற்க, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் என்னைத் தேற்றவில்லை. அவனும் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்து டிவியை அணைத்தார். யாரும் சாப்பிடவில்லை.

மனதிலிருந்து ஏதோ பாரம் இறங்கியிருக்க வேண்டும் என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது. அப்படி எதுவும் இறங்கவில்லை. வலையின் கீழே கிடந்துகொண்டு, நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே, வில்லன் என்ன ஆனான் என்று கேட்டிருக்கிறாளே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வண்டி முக்கில் வந்து ஹாரன் அடித்தது. அண்ணன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் ஏறினான்.