முன்வாசல் வழியாகப் போனவன்

பூரணி வேலை செய்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இலங்கை மலைநாட்டில் நோர்வூட் பக்கம் என்பது போதும். அங்கே இன்னும் கூடை தூக்குகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பட்டது போதும்.

பூரணியும் கிஷாந்தும் நானும் கொட்டகலையில் ஒன்றாக உயர்தரம் படித்தவர்கள். அவர்கள் இருவரும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், நான் பஜாரில் துணிக்கடைக்காரர் மகள். பரீட்சை முடிந்து அவர்கள் கம்பஸ் போனார்கள், நான் கல்லாவுக்கு வந்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர்கள் விடுமுறைக்கு வந்தால் கம்பஸ் முழுவதும் என் கடைக்குள் வந்துவிடும்.

பூரணி மாணவர் சங்கத்தில் சேர்ந்தாள். உலகத்தில் எங்கே யாரை அடித்தாலும் இவளுக்கு வலித்தது. மியன்மார் மாணவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏந்தினாள். பலஸ்தீனத்துக்காகப் பதாகை பிடித்தாள். சிறையில் இருந்த சிங்கள மாணவனுக்காகச் சிங்களத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா பரிமளம் கேலி செய்வாள்: "மியன்மார் எங்கடி இருக்கு? வட்டவளைக்கு அங்கிட்டா?" ஆனால் லயத்தில் மற்றவர்களிடம் அதே பரிமளம், "எம்மக ஒலகத்துக்கே பேசுறா" என்று பெருமையடித்துக்கொண்டு திரிவாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஒரு ஊர்வலத்தில் கிஷாந்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சங்கத்தில் பாதிப்பேர் தலைமறைவாகிவிட்டார்கள். பூரணிதான் சிறை வாசலில் நின்றாள். கிஷாந்தின் அப்பா பொன்னையாவை நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய், வக்கீல் வீடு, கோர்ட்டு, சிறைச்சாலை என்று அலைந்தவளும் அவள்தான். அந்த ஊர்வலத்தில் தண்ணீர் பீரங்கி அடித்ததில் அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காமல் போனது. இன்றைக்கும் நான் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறேன்.

கிஷாந்த் வெளியே வந்தபோது பெரிய ஆள் ஆகிவிட்டான். ஜனநாயக மாநாடு என்று வெளிநாடுகளுக்கெல்லாம் போனான். போகட்டும், நல்லா இருக்கட்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

பூரணி படிப்பை முடித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தாள். அப்போதுதான் அந்த விஷயம் அவள் காதுக்கு வந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையை இறக்கும் சாக்கில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு பெண்கள் மேல் கை வைக்கிறான். எதிர்த்துப் பேசினால் கொழுந்து சரியில்லை என்று கழித்துவிடுகிறான். எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். லயத்தில் சுவருக்குச் சுவர் காது. ஒருத்தி சொன்னால் விடிவதற்குள் அவள் புருஷனுக்குத் தெரிந்துவிடும், பிறகு அடி அவளுக்குத்தான்.

மனித உரிமை அதிகாரிகளிடம் முறையிடலாம் என்று பூரணி வீடு வீடாகப் போய்ப் பேசினாள். யாரும் அசையவில்லை. கடைசியில் பரிமளம் எழுந்து நின்றாள். "மொதல்ல நான் சொல்றேன். எனக்கும் நடந்துச்சு" என்றாள். பூரணிக்கு அதுவரை அது தெரியாது. அதற்குப் பிறகுதான் இன்னும் இரண்டு பேர் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: மனித உரிமை அதிகாரிகள் வந்து உட்காருகிறவரை யார் பேசப்போகிறார்கள் என்பது வெளியே போகக்கூடாது. பூரணி அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள்.

அவள் அந்தப் பெயர்களை ஒரே ஒருவனிடம்தான் சொன்னாள். அதிகாரிகளைக் கூட்டிவர ஏற்பாடு செய்வதாகச் சொன்ன கிஷாந்திடம். அவனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சத்தியத்தை மீறுகிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் தான் மட்டும் வந்து பார்ப்பதாகக் கிஷாந்த் சொல்லியனுப்பினான். போராடி ஜெயிலுக்குப் போன நம்ம பையன் வருகிறான் என்று தோட்டமே திரண்டு நின்றது. தப்பு அடித்தார்கள். ஆலாத்தித் தட்டு தயார். பொன்னாடை என் கடையிலிருந்து போனது, நானே கொண்டுபோனேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று லயத்துக்கு, இன்னொன்று தோட்டத்து மேனேஜரான தொரையின் பங்களாவுக்கு. வெளியிலிருந்து வருகிற எவனும் முதலில் எந்தப் பாதையில் திரும்புகிறான் என்பதை வைத்துத்தான் தோட்டத்து ஜனம் அவனை எடைபோடும். இது கிஷாந்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் வந்தது. வேகம் குறைந்தது. பிறகு பங்களாப் பாதையில் ஏறிப் போனது. தப்பு அடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள்.

மத்தியானம் கீழே இறங்கி வந்தான். "ரெண்டு பக்கமும் கேக்கணும்ல" என்றான். பொன்னாடையை யாரும் போர்த்தவில்லை. அதை மடித்து மறுபடி என் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது, அதே கண்டாக்கு மூன்று பெண்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டான். பரிமளமும் மற்ற இருவரும்தான். அட்டைக்கடிக்குப் பேர்போன கடைசி மலைக்கு அவர்களை அனுப்பினான். "பேசுறவங்களுக்கு அங்க நல்லா காத்து வரும்" என்று சிரித்தானாம். சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அந்த இரண்டு பேரில் ஒருத்தியை அவள் புருஷன் அடித்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அதிகாரிகள் வந்தபோது பேச ஒருவரும் இல்லை.

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் பூரணி அவனைப் பிடித்தாள். நானும் கூட இருந்தேன்.

"நீயா சொன்ன?"

"தொரை விசாரிக்கிறேன்னாரு பூரணி. யார் யாருன்னு தெரிஞ்சாத்தான் பாதுகாப்பு குடுக்க முடியும்னாரு. நம்புனேன்."

"லயத்துல பொறந்தவன் தொரைய நம்புனியா?"

அவன் தேநீரைத் தள்ளி வைத்தான். "முன்வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போனாரு. சோபாவுல ஒக்கார வச்சாரு. எங்கப்பா எத்தன வருசம் அந்தப் பங்களாவோட பின்பக்கக் குசினிக் கதவுகிட்ட நின்னாருன்னு ஒனக்குத் தெரியும்ல? அந்த வாசல்ல ஒரு தடவ நொழையணும்னு சின்ன வயசுலருந்து எனக்கு... கேட்டாரு, சொல்லிட்டேன்."

"நீ உள்ள போறதுக்கு எங்கம்மாவ மிதிச்சிட்டுப் போயிருக்க" என்றாள் பூரணி. பஸ்ஸில் கொட்டகலை வரும்வரை அழுதாள். எனக்கு அவனை அறையாமல் வந்தது இன்றைக்கும் ஆறவில்லை.

தோட்டத்தில் பெண்கள் பூரணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் அவளே கேட்டு வட்டவளைப் பக்கம் மாற்றலாகிப் போனாள். ஊர்வலங்களுக்கு இப்போது போவதில்லை.

போன டிசம்பரில் மனித உரிமை தினத்துக்கு முந்திய வாரம் நான் அவள் வீட்டில் இருந்தேன். பூரணி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது, பரிமளம் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கிஷாந்தின் குரல். அட்டனில் கூட்டமாம், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம், தோட்டத்துப் பெண்கள் நாலு பேரைப் பூரணி கூட்டிவந்தால் நன்றாக இருக்குமாம்.

பரிமளம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் சத்தம் காட்டாததால் அவன், "ஹலோ, யாருங்க பேசுறது?" என்றான்.

"பேரு எதுக்குங்க தம்பி," என்றாள் பரிமளம், "தொரைகிட்ட சொல்றதுக்கா?"