பெட்டியில் இடம் கிடைக்காத படம்

அங்காளம்மாளுக்கு அந்த டிரங்குப் பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், கொஞ்சம் நெல் நிலம் வைத்துப் பயிர் செய்யும் ஆதிநாராயணனின் மனைவி அவள். பெட்டிக்குள் நிலத்தின் கிரயப் பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது. சரி, இருக்கட்டும். எப்போதோ செத்துப்போன மாட்டை வாங்கிய சந்தை ரசீதுக்கும், மாமனார் காலத்துக் கிஸ்தி ரசீதுக்கும்கூட மஞ்சள் துணி சுற்றி, அந்துருண்டை போட்டு ராஜ மரியாதை. பெற்ற பெண்ணின் படத்துக்கு மட்டும் அதில் இடம் கிடையாது.

அது 1966 கோடையில் பொன்னேரி ஸ்டூடியோவில் எடுத்த படம். மகள் சந்திரகலாவுக்கு அப்போது நான்கு வயது. பூ ஜடை தைத்து, ஜடையும் தெரிய வேண்டுமென்று முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை நிறுத்தி எடுத்தார்கள். அந்த வருஷ மழைக்காலத்திலேயே குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் இல்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் படத்தைப் பெட்டியில் வைக்கப் போனவளை ஆதிநாராயணன் தடுத்தார்.

"இன்னாமே பண்ற? செத்த புள்ள படத்தப் பத்திரத்தோட வெப்பாங்களா? நெலத்துக்கு ஆவாது. வேற எங்கனா வெய்யி."

"வேற எங்கய்யா வெக்கிறது? கூரை ஒயுவுது, எலி கடிக்குது. ஊட்ல பூட்டு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"சொன்னா கேளு. சும்மா பேஜாரு பண்ணாத."

நிலத்துக்கு ஆகாதாம்! அந்த நிலத்து வரப்பில்தான் அந்தப் பெண் நடை பழகினாள். அப்போதெல்லாம் ஆயிற்று, இப்போது ஆகாமல் போய்விட்டது. வயிறெரிய, படத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியிருந்த திருத்தணி முருகன் படச் சட்டத்தின் பின்னட்டைக்குள் செருகி வைத்தாள்.

ஆனால் அவள் ஏமாளி இல்லை. படம் கொடுத்த அன்றே ஸ்டூடியோக்காரர் துளசிராமன் நெகட்டிவ் ஃபிலிமையும் தாளில் மடித்து அவள் கையில் கொடுத்திருந்தார். படம் பாழானாலும் இதிலிருந்து இன்னொன்று போடலாம், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று சொல்லியும் அனுப்பினார். புருஷன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மடை திருப்பப் போன நேரம் பார்த்து, அதன் பையிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்தாள். அடியில் விரித்திருந்த காலண்டர் தாளுக்குக் கீழே ஃபிலிமை வைத்து, மேலே பத்திரங்களை இருந்தபடியே அடுக்கிப் பூட்டினாள். பெட்டி எந்தச் சத்தமும் போடவில்லை.

1973-இல் கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, நிலம் எடுப்பார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஆதிநாராயணனுக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னேரிக்கு நடையாய் நடந்து, பத்திரத்தை டைப் அடித்து நாலு காப்பி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆபீசர் கையெழுத்தும் சீலும் வாங்கினார். ஒன்று ஆரணியில் தம்பி வீரராகவன் வீட்டில், ஒன்று வக்கீலிடம், ஒன்று மச்சானிடம், ஒன்று வீட்டில்.

"எது போனாலும் எங்கனா ஒண்ணு நிக்கும்மே" என்று பெருமை வேறு.

இத்தனை யோசிக்கத் தெரிந்த மனுஷனுக்குப் பெண் விஷயத்தில் மட்டும் மூளை மரத்துப் போனதே என்று அங்காளம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் அவர்கள் நிலத்தை யாரும் எடுக்கவில்லை. அளக்க வந்தவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

அடுத்து வந்த போகிக்கு முந்தின நாள், சுண்ணாம்பு அடிக்கும்போது முருகன் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. உடைந்த சாமி படம் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஆதிநாராயணன் அதைக் கோயில் குளத்தில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில்தான் அவள் வெறும் சுவரைப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் ஓட்டமாய் ஓடிக் குளத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினாள். சட்டம் கிடைத்தது. உள்ளே மகளின் படம் ஊறி உப்பியிருந்தது. தொட்டதும் முகம் வழுக்கிக்கொண்டு விரலோடு வந்துவிட்டது.

ஈரப் புடவையோடு வந்து நின்றவளிடம் ஆதிநாராயணன் சொன்னார்: "கொயந்தயே போய்ட்டுது, படத்துக்கு அயுவுறியே. ஆமா, அத எதுக்கு நீ சாமி படத்துல வெச்ச?"

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, பத்திரம், பட்டா, மாட்டு ரசீது எல்லாவற்றையும் தரையில் வாரிப் போட்டாள். காலண்டர் தாளைக் கிழித்து ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இத்தினி வருசமா உன் பத்திரத்துக்குக் கீய எம் பொண்ணுதான்யா படுத்துக்கினு இருந்தா. உன் நெலத்துக்கு இன்னா ஆச்சி? எவன் எவன் நெலத்தயோ அளந்தான், உன்து நின்னுச்சா இல்லியா?"

ஆதிநாராயணன் கை நீட்டி ஃபிலிமை வாங்கிப் பார்த்தார். முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது மொகம், எது ஜடை? ஒண்ணும் தெரியலியேமே."

"உனுக்கு எப்டித் தெரியும்?" என்று பிடுங்கிக்கொண்டாள்.

புடவை மாற்றிக்கொண்டு அடுத்த ரயிலுக்கே போனாள். பொங்கல் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பொன்னேரியில் இறங்கினாள். துளசிராமன் ஃபிலிமை விளக்கில் பார்த்துவிட்டு, பழுதில்லை, எத்தனை காப்பி வேண்டுமென்று கேட்டார்.

"நெலத்துக்கு நாலு போட்டாரு எங்க ஊட்டுக்காரரு. இவளுக்கு அஞ்சு போடுங்க" என்றாள்.